அக்காவுக்கு ஐம்பது நிமிடம்

அத்தியாயம் பதினேழு

சார்ஜர் ஒயர் வெளியே தொங்க, பாதி ஜிப் போட்ட ஒரு தோள்பை. சாத்தாமல் விட்ட வாசல் கதவு. மகள் வீட்டை விட்டுப் போய் இன்றோடு மூன்று வாரம். தெரு அதை மென்று துப்பிவிட்டு அடுத்த சமாசாரத்துக்குப் போய்விட்டது.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இருபது வயதுப் பெண், மனநல ஆலோசகரான தன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் போட்டோக்காரரைக் கட்டிக்கட்டுமா, வேண்டாமா?" அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் உன்னை இழுக்குது," என்றாள். பெண் பையை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் அப்பா, அன்று மட்டும் நேரம் போவது தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

போட்டோக்காரருக்கு முப்பத்தைந்து வயது. ஊரார் கல்யாணங்களைக் கடைசிவரை இருந்து படம் பிடிப்பவர். தன்னுடைய முதல் கல்யாணத்தைத்தான் பாதியில் அணைத்துவிட்டார்.

அம்மாவுக்குத் தெருவில் உம்கொட்டி என்று பெயர். வைத்தவர் யார் என்று தெரியாது. பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார். எதைச் சொன்னாலும் "ம்" என்பாள். தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், "தண்ணி வரலைன்னு உங்களுக்கு எரிச்சலா இருக்கு," என்பாள். எரிச்சலாக இருப்பது நமக்கே தெரியும். மோட்டார் போட்டாளா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டும்.

ஆனால் தொழிலில் அவளுக்கு நல்ல பெயர். பல் டாக்டரின் மாடியில், அவருடைய பக்கத்து அறையில் இருக்கிறாள். இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, அதன்மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, வருகிறவர் கண்ணில் படாமல் அவள் கண்ணில் மட்டும் படும்படி ஒரு கடிகாரம். காத்திருக்கும் கூடம் இருவருக்கும் பொது. வருகிறவர்களை உள்ளே அனுப்பும் முன்மேசைப் பெண்ணும் பொது. யார் பல்லுக்கு, யார் மனசுக்கு என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பாள் அவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, இன்னும் தப்பவில்லையாம்.

கூடத்து மேஜையில் உம்கொட்டியின் மடிப்புத்தாள் அடுக்கி வைத்திருக்கும். மூன்றாக மடித்த வழவழப்புத் தாள். முதல் மடிப்பில் அவள் படம், கன்னத்தில் விரல் வைத்து. உள்ளே அவளுடைய பின்னணி. பதினோரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். சாட்சி சொல்வதை ஒரு எழுத்து கூட்டாமல், ஒரு எழுத்து குறைக்காமல் அடிப்பது வேலை. ஒருநாள் நீதிபதி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வக்கீல்கள் மூன்று நாளாகக் குடைந்தும் வாய் திறக்காத ஒரு கிழவர், அவளிடம் எல்லாவற்றையும் தானாகவே சொன்னாராம். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அன்றைக்குத்தான் புரிந்ததாம், கேள்வி கேட்காத காதுக்குத்தான் உண்மை வரும் என்று. வேலையை விட்டாள், படித்தாள், பட்டம் வாங்கினாள்.

அடுத்த மடிப்பில் அவள் முறை. இங்கே வருகிறவரே நடுநாயகம். அறிவுரை கிடையாது, தீர்ப்பு கிடையாது. நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுவீர்கள். கடைசியில் தடித்த எழுத்தில்: முடிவு என்றும் உங்களுடையதே.

இதெல்லாம் அழகுதான். நடுவில் இரண்டு வரி இருந்தது: "நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்பதைத் தவிர அங்கே வேறு கேள்வியே கிடையாது."

பத்து நாளைக்கு முன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவள் ஒருத்தி, கன்னம் மரத்துப்போகும்வரை பொழுது போகாமல் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக்கொண்டாள். அவள்தான் அக்கா. அந்த வீட்டில் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

அம்மா செத்தபோது அக்காவுக்குப் பதினாறு, தங்கைக்கு எட்டு. அக்கா பள்ளிச் சீருடை தைக்க உட்கார்ந்தாள். இன்றைக்கும் அதே மெஷின்தான்.

இன்று மதியம் மூன்று மணிக்கு முன்மேசைப் பெண் கதவைத் தட்டினாள்.

"மேடம், மூணு மணி ஆளு வந்தாச்சு. டெய்லர் அம்மா. பல்லுக்கா மனசுக்கான்னு கண்டே பிடிக்க முடியல மேடம் இவங்களை."

உம்கொட்டி பட்டியலைப் பார்த்தாள். அக்காவின் பேர். சொந்தக்காரர்களை இந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் பாலபாடம். ஆலோசகர் சங்கத்துக்குத் தெரிந்தால் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்வார்கள். அவளே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், ஒருவர் நாத்தனாரின் மாமனார்.

ஆனால் முப்பது வருடமாக அக்கா தன்னிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் இருப்பதோ அக்கா வீட்டு மாடியில். அக்கா இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உடைந்துவிடுவாள், எல்லோரும் உடைந்தார்கள், பெட்டியில் பாதிக் கைக்குட்டை தீர்ந்துவிடும், பிறகு மகளும் தானாகத் திரும்பி வந்துவிடுவாள். கெட்டிக்காரிகளுக்கு வரும் புத்தி அது.

"உள்ள வரச் சொல்லு," என்றாள்.

அக்கா வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது. கையில் நூல் சுற்றிக் கட்டும் பழுப்புக் கவர் ஒன்று. கவரைச் சின்ன மேஜையில் வைத்தாள், நாற்காலியைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வணக்கம் மேடம்."

"அக்கா, இது எதுக்கு..."

"நான் இங்க அக்காவா வரலீங்க. டோக்கன் போட்டு வந்திருக்கேன். ஏதோ பாரம் நிரப்பணுமாமே, குடுங்க."

ஒப்புதல் படிவத்தை அக்கா ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் மெஷின் யாருடைய வாயையோ குடைந்துகொண்டிருந்தது.

"இங்க நான் சொல்றது வெளிய போகாது. அப்படித்தானே?"

"போகாது."

"உங்க வீட்டுக்காரர்கிட்டக் கூடச் சொல்லமாட்டீங்க. நான் சொன்னதை வெச்சு எந்திரிச்சுப் போய் எதுவும் பண்ணவும் மாட்டீங்க."

"மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சொல்லுவோம்."

"உயிருக்கெல்லாம் ஒண்ணும் இல்ல," என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். "நீங்களும் போடுங்க. கீழ கோடு விட்டிருக்கு பாருங்க."

உம்கொட்டி போட்டாள். அந்தக் கையெழுத்தை முழுதாகப் போட்டாள், முதலெழுத்தோடு.

கடிகாரம் மூன்று ஏழு.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு," என்றாள் அக்கா, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். உன் பொண்ணுக்கும் அந்தப் போட்டோக்காரனுக்கும். சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். ஜெராக்ஸெல்லாம் அவன்கிட்ட இருக்கு. பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஒரிஜினல் கேப்பாங்களாம், அது இந்தக் கவர்ல இருக்கு."

உம்கொட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள்.

"மேடம், உக்காருங்க." அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் நாப்பத்தி மூணு நிமிஷம் இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். படித்த படிப்பு முட்டியை மடக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

"அக்கா, அவளுக்கு அது..."

"ஏதோ சொல்ல வரீங்க போல. அறிவுரையா?"

"இல்ல."

"பின்ன?"

"ம்," என்றாள் உம்கொட்டி. பழக்கம்.

"ஆ, அதான். அதைக் கேக்கத்தானே வந்தேன்." அக்கா இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். "உன் பொண்ணுக்கு அவன்மேல ஆசையெல்லாம் இல்ல. முதல்ல இருந்துச்சு, போயிடுச்சு. அந்த ஆளு இவ போனை வாங்கிப் பாக்கறான். எந்தச் சட்டை போடணும், யார்கிட்டப் பேசணும், எத்தனை மணிக்குத் தூங்கணும், எல்லாம் அவன் சொல்லுவான். மாடியில உக்காந்து அழறா. ஏண்டி, அப்புறம் எதுக்குடி அவன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'அவர்கிட்ட எது கேட்டாலும் பதில் வரும் பெரியம்மா'ன்னா."

மெஷின் நின்றது. யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

"அன்னிக்கு உன்கிட்ட வந்து கேட்டாளே. எதுக்குக் கேட்டா? வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு. சொல்லியிருந்தா, அம்மா விடமாட்டேங்கறாங்கன்னு அவன்கிட்டச் சொல்லிக் கழண்டிருப்பா. உன்னைச் சாக்கா வெச்சுத் தப்பிக்க வந்தா அந்தப் பொண்ணு. நீ அவளுக்கு ரெண்டு பக்கமும் இழுக்குதுன்னு சொல்லி அனுப்பிட்ட."

"நீ சொல்லியிருக்கலாமே," என்றாள் உம்கொட்டி. "நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"நானா? நான் எதுக்கு?" அக்கா பையிலிருந்து வழவழப்புத் தாளை எடுத்தாள், மடிப்புக் கலையாமல். "முடிவு என்றும் உங்களுடையதே. தடிச்ச எழுத்துல போட்டிருக்கீங்க. அவ அழுதா, நானும் பக்கத்துல உக்காந்து ம், ம்னேன். வேண்டாம்னு சொல்லுங்க பெரியம்மான்னா. உனக்கு வேண்டாம்னு தோணுதுன்னேன். பெரிய கஷ்டமெல்லாம் இல்லடி இந்தத் தொழில். பட்டனுக்குக் காஜா எடுக்கறதைவிட ஈஸி."

அக்காவின் முகத்தில் கோபமே இல்லை. துணியை வெட்டும்போது இருக்கும் முகம்தான் இருந்தது. கத்தரி எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கிற முகம்.

"நாம வளர்ந்த வீட்டுல யாரும் யாரையும் கேட்டதில்லைன்னு எழுதியிருக்க. பல்லு வலி போச்சு எனக்கு இதைப் படிச்சதும். நான் உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

உம்கொட்டிக்கு ஞாபகம் இருந்தது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லட்டுமா? உனக்குப் பதினாலு வயசு. கணக்குப் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்த. மில்லுல ஃபிட்டர் வேலை பாத்தாரே, அவர் வேற ஊருக்கு மாத்தலாகிப் போறாரு, என்னைக் கட்டிக்கிட்டுக் கூட்டிட்டுப் போறேங்கறாரு. உன்னை ஹாஸ்டல்ல விடலாம்னாரு. நான் வந்து உன் எதிர்ல உக்காந்து, நான் போகட்டுமாடின்னு கேட்டேன். நீ புஸ்தகத்துலேந்து தலையைக்கூடத் தூக்கலை."

டேப் முழுதும் விரலில் சுற்றியாகிவிட்டது.

"போகாதேன்னு சொன்ன. நான் போகலை."

நீதிமன்றக் கிழவரின் கதை நல்ல கதைதான். மடிப்புத்தாளுக்கு ஏற்ற கதை. ஆனால் உம்கொட்டி இந்த முறையைப் பிடித்துக்கொண்டது கிழவரால் அல்ல. பதினாலு வயதில் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை முப்பத்திரண்டு வருடமாக மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறது. கண் மங்கி, முதுகு வளைந்து, தனியாக. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் போ என்றோ போகாதே என்றோ சொன்னதில்லை. அப்படிச் சொல்லவே கூடாது என்று ஒரு படிப்பு இருப்பது தெரிந்தபோது, தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி போய் அதில் விழுந்தாள். இந்தப் பின்னணியை எந்த மடிப்பில் அச்சடிப்பது?

"அக்கா," என்றாள். "அதனாலதான் நான்..."

"தெரியும்டி. அதனாலதான்னு எனக்குத் தெரியாதா?" அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். பிடுங்கின பல்லின் இடம் தெரிந்தது. "என்கிட்ட சொன்ன ஒரு வார்த்தையை நினைச்சு நீ பயந்துக்கிட்ட. உன் பொண்ணுகிட்டச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லலை. ரெண்டு தடவையும் தப்பா வெட்டியிருக்க. துணி மட்டும் என்னிக்குமே உன்னோடது இல்ல."

உம்கொட்டி அழுதாள். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அக்காதான் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அழுங்க மேடம். நான் அப்படியே ஏத்துக்கறேன்."

மிச்ச நேரம் முழுக்க அக்கா டேப்பைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். வாங்கின ஐம்பது நிமிடத்தை ஒரு நிமிடம் விடாமல் உட்கார்ந்து தீர்த்தாள். மூன்று ஐம்பதுக்கு எழுந்து, புடவையை உதறிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் சொன்னதை வெச்சு நாளைக்கு அங்க வந்து நின்னா, இந்தப் பாரத்தை எடுத்துட்டு உங்க சங்கத்துக்குப் போவேன். கூடப்பிறந்தவளையே உக்கார வெச்சு உம் கொட்டினாங்க, சொன்னதை ஊர் பூராச் சொன்னாங்கன்னு. வரட்டுமா?"

போய்விட்டாள். ஊசி ஒன்று தவறி விழுந்தாலும் பாயைப் புரட்டித் தேடி எடுக்காமல் எழுந்திருக்காத பொம்பளை அவள். அப்படிப்பட்டவள் பழுப்புக் கவரைச் சின்ன மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

முன்மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"நாலரை மணி ஆளு வர்றதுக்கு நேரம் இருக்கு மேடம். டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

அந்த வார்த்தைதான். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்.

நாலேகால் மணிக்கு மறுபடியும் கதவு.

"மேடம், டெய்லர் அம்மா கவரை விட்டுட்டாங்களாம். எடுத்துட்டுப் போக ஒரு பொண்ணு வந்திருக்கு. மேல வான்னா வரமாட்டேங்குது, கீழேயே நிக்குது. குடுங்க, நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

"யாரு, எப்படி இருக்கா?"

"ஒல்லியா, முடியைக் கட்டை வெட்டியிருக்கு. கடுகடுன்னு இருக்கு மேடம். பல்லும் இல்ல, மனசும் இல்ல. யார்கூடவோ சண்டை."

"நான் குடுக்கறேன். நீ போ."

கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர இரண்டு நிமிடம் ஆனது. ஒரு கவரை எடுக்க இரண்டு நிமிடம் எதற்கு என்று முன்மேசைப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

மாடிப்படி மொத்தம் இருபத்திரண்டு. பத்தொன்பது இறங்கி நின்றாள். கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி மகள். முடியை வெட்டியிருந்தாள். தானே வெட்டிக்கொண்டாளா, போட்டோக்காரர் வெட்டச் சொன்னாரா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"குடும்மா."

உம்கொட்டி கவரை நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"பெரியம்மா உன்கிட்ட எதுக்கு வந்தாங்க? என்ன சொன்னாங்க?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"என்னைப் பத்தியா?"

"சொல்ல முடியாது."

மகள் அண்ணாந்து அவளைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அடுப்படியில் நின்று கேட்டபோது இருந்த அதே கண்.

"சரி, அவங்க சொன்னது வேண்டாம். நீ ஏதாவது சொல்லணுமா என்கிட்ட?"

நின்றாள். கைப்பிடியை விடாமல், ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு நின்றாள். போகவேண்டும் என்று இருப்பவள் அப்படி நிற்கமாட்டாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லக்கூடாது என்று எந்தப் படிவமும் தடுக்கவில்லை. அக்கா சொன்னதைத்தான் சொல்லக்கூடாது. அம்மா சொல்லவேண்டியதைச் சொல்லலாம். உம்கொட்டிக்கு அது தெரிந்தது, நாக்கின் நுனிவரை தெரிந்தது. வாயைத் திறந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காத ஒரு பதினாலு வயதுப் பெண் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் ஏதாவது சொல்லணும்னு நீ எதிர்பார்க்கிற," என்றாள்.

மகளின் முகத்தில் ஏதோ ஒன்று கதவு மாதிரி மூடிக்கொண்டது. இந்தத் தடவை சாத்திவிட்டுத்தான் போனாள். இரண்டு படி ஏறி வந்து, அம்மாவின் கையிலிருந்து கவரைப் பிடுங்கினாள்.

"நல்லா இரும்மா," என்றாள். திட்டுகிற குரலில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. உம்கொட்டி அந்தப் பத்தொன்பது படியையும் ஏறி, அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே பிறப்புச் சான்றிதழ் இருந்தது. ஓரம் பழுத்து, அரசு முத்திரையோடு. தாயின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர்.

கவருக்குள் அவள் மடித்து வைத்து அனுப்பியது தன்னுடைய வழவழப்புத் தாளை. தடிமன் ஏறக்குறைய ஒன்றுதான். நூலையும் அக்கா சுற்றியிருந்த மாதிரியே மூன்று சுற்று சுற்றியிருந்தாள். நாளைக்குப் பதினோரு மணிக்கு, போட்டோக்காரரும் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, ஏதோ ஒரு குமாஸ்தா அதைப் பிரிப்பார். கன்னத்தில் விரல் வைத்த அம்மாவின் படம் வரும். பிறகு அந்தத் தடித்த எழுத்து வரும்.

அவள் எவரிடமும் எதையும் சொல்லவில்லை. படிவத்தின்படி ஒரு வரியும் மீறவில்லை. ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவளுக்கு, ஒரு காகிதத்தைத் திருட மட்டும் கை வந்தது.

முன்மேசைப் பெண் நாலரை மணி ஆளை உள்ளே அனுப்பினாள். ஒரு வங்கிக்காரர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்.

"எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல மேடம். கூட இருக்கிறவங்க யாரையுமே நம்ப முடியல எனக்கு."

உம்கொட்டி இழுப்பறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள்.

"ம்," என்றாள்.